அழுத்தம் தள்ளும், சுவர் வடிவம் கொடுக்கும்: செடியின் செல்லை அளந்து பார்க்கும் முறை

செடியின் செல்லுக்குள் இருக்கும் நீர் சுவரை எல்லாப் பக்கமும் ஒரே அளவில்தான் தள்ளுகிறது. ஆனாலும் தண்டின் செல் நீளவாக்கில் வளர்கிறது, பழச் சதையின் செல் உருண்டு திரள்கிறது, மகரந்தக் குழாய் நூலைப்போல ஒரு முனையில் மட்டும் ஓடுகிறது. தள்ளும் விசைக்குத் திசை கிடையாது. திசை இருப்பது சுவருக்குத்தான்: எங்கே, எந்தப் பக்கம் அது இடம்கொடுக்கிறதோ அந்தப் பக்கம் செல் வளரும். இதைப் பாடமாகப் படிப்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது. பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் பொருள்களை வைத்தே அழுத்தம், சுவரின் இளகல், வளரும் இடம் மூன்றையும் பிடித்துவிடலாம். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முதல் சோதனையில் கிடைக்கும் எண்ணின் பொருள் கடைசிச் சோதனையில்தான் முழுதாகத் தெரியும்.

அழுத்தத்தை அளப்பது

சிவப்பு வெங்காயம் அல்லது சின்ன வெங்காயம் வேண்டும். சதைப்பற்றான செதிலின் வெளிப்பக்கத் தோலை உரித்தால் செல்லின் உள்ளே நிறமி இருக்கும். உள்பக்கத் தோல் சுலபமாக உரியும், ஆனால் கண்ணாடிபோல இருப்பதால் எண்ணுவது சிரமம். தாவரவியல் செய்முறை வகுப்புகளில் வழக்கமாக எடுக்கும் ரியோ இலையின் அடிப்பக்க ஊதாத் தோலும் இதற்கு மிகப் பொருத்தம்.

சர்க்கரைக் கரைசல்தான் இந்தச் சோதனையின் தராசு: செறிவு போதுமான அளவு கூடினால் அது செல்லிலிருந்து நீரை இழுக்கும், உள்ளடக்கம் சுருங்கிச் சுவரைவிட்டு விலகும். கடையில் கிடைக்கும் வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய தூய சுக்ரோஸ், அதுவே போதும். 34.2 கிராம் எடுத்து, 70 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, அளவுக் குடுவையில் 100 மில்லி கோடு வரை நீர் சேர்த்தால் 1 மோலார் கரைசல், அதாவது லிட்டருக்கு ஒரு மோல் (342 கிராம்) சுக்ரோஸ். அதிகம் பேர் தவறும் இடம் இதுதான். 100 மில்லி நீரில் 34.2 கிராம் சர்க்கரையைக் கொட்டினால் கொள்ளளவு சுமார் 121 மில்லியாக ஏறிவிடும், கிடைப்பது 0.82 மோலார்தான். அதன்பின் வரும் எண் எல்லாம் அந்தப் பிழையைச் சுமந்துகொண்டே வரும்.

மூலக் கரைசலிலிருந்து 0.20 முதல் 0.60 மோலார் வரை 0.05 இடைவெளியில் 9 கரைசல்கள் தயாரியுங்கள். ஒவ்வொன்றும் 20 மில்லி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம்: 0.05 மோலாருக்கு 1 மில்லி மூலக் கரைசல். 0.40 வேண்டுமென்றால் 8 மில்லி மூலம், 12 மில்லி நீர். அன்றே செய்து அன்றே பயன்படுத்துங்கள். சர்க்கரை நீர் இரண்டு நாளில் நொதித்துவிடும்.

தோலை 5 மில்லிமீட்டர் சதுரங்களாக வெட்டி முதலில் சாதா நீரில் 10 நிமிடம் போடுங்கள். பிறகு ஒவ்வொரு கரைசலிலும் மூன்று துண்டுகள், 30 நிமிடம். துண்டு மிதக்கக் கூடாது, அடியில் காற்றுக் குமிழ் சிக்கக் கூடாது. குமிழ் ஒட்டிய இடத்துச் செல் கரைசலையே பார்ப்பதில்லை. ஸ்லைடில் வைக்கும்போது அதே கரைசலின் ஒரு துளியைத்தான் விட வேண்டும். பழக்கதோஷத்தில் நீர் விட்டுவிட்டால் அரை மணி நேர வேலை வீண்.

ஒவ்வொரு கரைசலுக்கும் 100 செல்களை எண்ணி, எத்தனையில் உள்ளடக்கம் சுவரைவிட்டு விலகியிருக்கிறது என்று குறியுங்கள். விலகல் முதலில் மூலையில்தான் தெரியும். ஒரு மூலையில் விலகியிருந்தாலும் அது கணக்கில் சேரும். 400 மடங்கில் பார்த்தால் விலகிய உள்ளடக்கத்திலிருந்து சுவருக்கு மெல்லிய இழைகள் ஓடுவது தெரியும். அவை ஹெக்டிய இழைகள். அவற்றைப் பார்த்து 'இன்னும் ஒட்டித்தான் இருக்கிறது' என்று எண்ணிவிடக் கூடாது. எண்ணி முடித்த துண்டைத் திரும்ப நீரில் போடுங்கள். உயிருள்ள செல் 10, 15 நிமிடத்தில் மீண்டும் நிறைந்துவிடும். மீளாத செல்கள் உரிக்கும்போதே செத்தவை, அவற்றைக் கழித்துவிடுங்கள். நிறமே இல்லாத செல்களும் பெரும்பாலும் வெட்டுப்பட்டவைதான்.

சர்க்கரைக்குப் பதில் சமையல் உப்பு வேண்டாம். அது இரு அயனிகளாகப் பிரிவதால் கணக்கு மாறும், மெல்லச் செல்லுக்குள்ளும் புகும். பாலிஎத்திலின் கிளைக்கால் 6000 போன்ற பெரிய மூலக்கூறும் வேண்டாம். அது சுவரின் துளைக்குள்ளேயே நுழையாது. சுவரோடு சேர்ந்து செல் நசுங்கும், விலகல் தெரியாது.

விலகிய செல்களின் சதவீதத்தை வரைபடத்தில் இட்டு, 50 சதவீதத்தைத் தொடும் செறிவைப் படியுங்கள். அந்தப் புள்ளியில் சுவரின் மேல் அழுத்தம் பூஜ்யம். உள்ளே உள்ள சவ்வூடு அழுத்தமும் (கரைந்த பொருள் நீரை இழுக்கும் வலிமை) வெளியே உள்ளதும் சமம். செறிவை 0.00831 ஆலும் கெல்வின் வெப்பநிலையாலும் பெருக்கினால் மெகாபாஸ்கலில் விடை வரும். 0.40 மோலார், 30 டிகிரி செல்சியஸ் என்றால் 0.40 × 0.00831 × 303, அதாவது சுமார் 1.0 மெகாபாஸ்கல். சுக்ரோஸ் செறிவு கூடக்கூட இந்தச் சூத்திரம் குறைத்தே சொல்லும். 0.4 மோலாரில் உண்மை மதிப்பு ஏறக்குறைய 15 சதவீதம் அதிகம். துல்லியம் வேண்டுமானால் சுக்ரோஸ் அட்டவணையைப் பாருங்கள்.

இது தளர்ந்த செல்லின் எண். நீர் நிறைந்த செல்லின் விறைப்பழுத்தம், அதாவது உள்ளிருக்கும் நீர் சுவரைத் தள்ளும் அழுத்தம் வேண்டுமென்றால் இன்னொரு அளவு தேவை. ஒரே செல்லை நீரிலும், அந்த 50 சதவீதக் கரைசலிலும் நீளம், அகலம் அளங்கள். கண்ணருகு லென்ஸின் அளவுகோலை ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை வைத்து முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளருகு லென்ஸுக்கும் தனித்தனியாக. உதாரணமாக, 300 மைக்ரான் நீளம் 291 ஆகவும், 60 மைக்ரான் அகலம் 57 ஆகவும் சுருங்கினால், ஆழமும் அகலத்தைப் போலவே சுருங்கியதாகக் கொண்டு கொள்ளளவு 0.97 × 0.95 × 0.95, அதாவது 0.875 பங்காகிறது. நீரில் ஊதியபோது உள்ளே இருந்த சாறு அந்த அளவுக்கு நீர்த்திருந்தது. ஆகவே விறைப்பழுத்தம் 1.0 × 0.875, சுமார் 0.88 மெகாபாஸ்கல். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 0.2 மெகாபாஸ்கலுக்குச் சற்று மேல். ஒரு வெங்காயத் தோல் அதைப்போல நான்கு மடங்கைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அழுத்தத்திலிருந்து சுவரின் இழுவிசைக்கு

உருளை வடிவச் செல்லில் சுவரின் தகைவை, அதாவது ஓர் அலகு குறுக்குப் பரப்பு தாங்கும் இழுவிசையைக் கணக்கிட மூன்று எண்கள் போதும்: அழுத்தம், ஆரம், சுவரின் தடிமன். சுற்றளவுத் திசையில் தகைவு என்பது அழுத்தம் × ஆரம் ÷ தடிமன். நீளத் திசையில் அதில் சரிபாதி. 0.6 மெகாபாஸ்கல், 20 மைக்ரான் ஆரம், 0.5 மைக்ரான் தடிமன் என்று போட்டால் குறுக்கே 24, நெடுக்கே 12 மெகாபாஸ்கல்.

இந்த இரண்டு எண்களையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். குறுக்கேதான் இரட்டிப்பு இழுவிசை. சுவர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் செல் பருத்துக்கொண்டே போக வேண்டும். அது நீள்கிறதென்றால், குறுக்கே யாரோ கட்டிப் பிடித்திருக்கிறார்கள். பீப்பாயை இரும்பு வளையம் பிடிப்பதுபோலச் செல்லைச் சுற்றிப் பிடித்திருப்பவை செல்லுலோஸ் நுண்ணிழைகள். ஒவ்வொன்றும் சுமார் 3 நானோமீட்டர் தடிமன். நீளத் திசையில் அவற்றை இழுத்து நீட்டுவது மிகக் கடினம்; ஆனால் இழைக்கும் இழைக்கும் இடையே விலகல் சாத்தியம். அதனால் வளையங்கள் விரிவதில்லை, ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப்போகின்றன.

அந்த இழைகளின் திசையைச் செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்கள் என்னும் மெல்லிய புரதக் குழல்கள் வழிகாட்டுகின்றன. 1962இல் பால் கிரீன், நைட்டெல்லா என்னும் பாசியின் நீண்ட செல்களை, நுண்குழல்களைக் குலைக்கும் கால்சிசினில் வளர்த்தபோது, அவை நீள்வதை விட்டு உருண்டையாகப் பருத்தன. அழுத்தம் குறையவில்லை, வளர்ச்சியும் நிற்கவில்லை. திசை மட்டும் தொலைந்துபோனது. செல்லுலோஸைச் சுரக்கும் நொதிக் கூட்டங்கள் நுண்குழல்களின் தடத்திலேயே ஓடுவதை 2006இல் உயிருள்ள செல்லில் நேராகவே பார்த்தார்கள். கால்சிசின் நம் செங்காந்தளில், விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடும் அதே செடியில் இருப்பது. கொஞ்சம் உள்ளே போனாலும் உயிரை எடுக்கும். ஆகவே இந்தச் சோதனையைப் பள்ளியில் செய்யவே கூடாது. கிழங்கை அரைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன உருளைக் கணக்கு தனியாக நிற்கும் செல்லுக்கே பொருந்தும். திசுவுக்குள் அடுத்தடுத்த செல்கள் பொதுச் சுவரை இருபுறமும் தள்ளிச் சமன் செய்துகொள்கின்றன. சுமையின் பெரும்பங்கு மேல்தோலின் வெளிச்சுவர் மீது விழுகிறது. வெங்காயச் செல்லில் அளந்த அழுத்தத்தை நேராக இந்தக் கணக்கில் போட்டால் விடை தவறாகும்.

இழுபட்ட நீளமும் வளர்ந்த நீளமும்

ரப்பர் பட்டையை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வளர்ச்சி அப்படியல்ல, திரும்பாது. இரண்டையும் பிரித்துக் காட்டும் வழியை ஹியூகோ டி விரீஸ் 1877இலேயே செய்து காட்டினார். இதற்கு வெள்ளரி நாற்று போதும்.

விதையை 6 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தாளில் முழு இருட்டில் 4 நாள் வையுங்கள். விதைக் கடையில் வாங்கிய விதைக்குப் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம், கையுறை போட்டுக் கழுவுங்கள். தண்டு வெளிறி, உச்சியில் கொக்கிபோல் வளைந்து நிற்கும். கொக்கிக்குக் கீழே தொடங்கி 2 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் மெல்லிய நிரந்தர மார்க்கரால் வையுங்கள். அழுத்தினால் தோல் காயப்பட்டு அந்தப் பக்கம் வளர்ச்சி நிற்கும், தண்டு வளையும். பக்கத்தில் அளவுகோலை அதே தளத்தில் நிறுத்திப் படமெடுத்து, இருட்டில் வைத்து, 12 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். நடுவில் வெளிச்சத்தில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நீட்சி குறைந்துவிடும்.

கொக்கிக்கு அடுத்த இடைவெளிகள்தான் விரிந்திருக்கும், அடிப்பகுதி அசையாது. ஒவ்வொரு இடைவெளிக்கும் வேகத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள்: புதிய நீளத்தைப் பழைய நீளத்தால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, மணியால் வகுக்க வேண்டும். 2.0 மில்லிமீட்டர் 12 மணியில் 3.0 ஆனால் மணிக்கு 3.4 சதவீதம்.

இப்போது தண்டை வெட்டி 0.7 மோலார் சர்க்கரைக் கரைசலில் ஒரு மணி நேரம் போட்டு மீண்டும் அளங்கள். அழுத்தம் போனதும் சுருங்கிய பகுதி இழுபட்ட நீளம், மிஞ்சியது வளர்ந்து நிலைத்த நீளம். வேகமாக வளர்ந்த இடம்தான் அதிகம் சுருங்கும், முதிர்ந்த அடிப்பகுதி சொற்பமே சுருங்கும். அதாவது வளரும் இடத்தின் சுவர் முதிர்ந்த சுவரைவிட இழுவைக்கு அதிகம் இணங்குகிறது. லாக்கார்ட் 1965இல் எழுதிய சமன்பாடு சொல்வதும் இதற்கு நெருக்கமானதே: வளர்ச்சி வேகம் என்பது சுவரின் இளகுதன்மை × (விறைப்பழுத்தம் − இளகத் தொடங்கும் வரம்பு). வரம்புக்குக் கீழே அழுத்தம் இருந்தால் சுவர் இழுபடும், வளராது. தண்ணீர் குறைந்த செடி வாடுவதற்கு வெகு முன்பே வளர்வதை நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவர் எப்படி இளகுகிறது

செல் வளர விரும்பும்போது ஹைட்ரஜன் அயனியைச் சுவருக்குள் தள்ளுகிறது. அமிலச் சூழலில் எக்ஸ்பான்சின் என்னும் புரதம் நுண்ணிழைகளின் பிடிப்பைத் தளர்த்துகிறது. வெள்ளரித் தண்டிலிருந்துதான் அதை 1992இல் பிரித்தெடுத்தார்கள். அந்தச் சோதனையின் எளிய வடிவம் இது.

சிட்ரிக் அமிலம் மோனோஹைட்ரேட் 2.1 கிராமை 900 மில்லி நீரில் கரைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 4.5க்குக் கொண்டுவந்து 1 லிட்டராக்குங்கள். பாதியைத் தனியே எடுத்து மேலும் சொட்டு விட்டு 6.5 ஆக்குங்கள். சிட்ரேட் இரண்டு பிஎச்சிலும் தாங்கல் கரைசலாக, அதாவது பிஎச்சை எளிதில் மாறவிடாத கரைசலாக வேலை செய்யும் என்பதுதான் இதன் வசதி. சிட்ரேட் சுவரின் கால்சியத்தையும் பிடிக்கும். அதனாலேயே ஒப்பீட்டுக் கரைசலிலும் அதே சிட்ரேட் இருப்பது அவசியம். ஒன்றில் எலுமிச்சைச் சாறு, மற்றதில் வெறும் நீர் என்று வைத்தால் எதை ஒப்பிட்டோம் என்பதே தெரியாமல் போகும்.

கொக்கிக்குக் கீழ் 1 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, கார்பரண்டம் என்னும் நுண்ணிய உராய்வுத் தூளை ஈரமாக்கி இருமுறை மெல்லத் தேயுங்கள். மெழுகுப் படலம் உடையாவிட்டால் அமிலம் உள்ளே போகாது. 'ஒன்றுமே நடக்கவில்லை' என்ற முடிவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் பிறந்தவை. பிறகு உறையவைத்து, உருக்கி, இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே அழுத்திச் சாற்றை வெளியேற்றுங்கள். செல்கள் செத்துவிட்டன, அழுத்தம் இல்லை, மிஞ்சியது சுவர் மட்டும். இரு முனையிலும் கிளிப் போட்டு, நடுவில் 5 மில்லிமீட்டர் விட்டு, கீழே 20 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். அழுத்தம் செய்த வேலையை இப்போது எடை செய்கிறது. முதல் 20 நிமிடம் பிஎச் 6.5 கரைசலில் வைத்து, தொடக்க நீட்சி அடங்கியபின் 4.5க்கு மாற்றுங்கள். 5 சதவீத நீட்சி என்பதே 0.25 மில்லிமீட்டர்தான், ஆகவே போனை ஸ்டாண்டில் அசையாமல் பொருத்தி, பக்கத்தில் அளவுகோல் வைத்து 5 நிமிடத்துக்கு ஒரு படம். கிளிப் வழுக்குவதும் நீட்சிபோலவே தெரியும். கிளிப் ஓரத்தில் இரு புள்ளிகள் வைத்து, புள்ளிகளுக்கு இடையே மட்டும் அளங்கள்.

இன்னொரு துண்டைக் கொதிநீரில் 15 விநாடி முக்கி அதே சோதனையைச் செய்தால் அமிலத்தில் அது நீளாது. செல்லுலோஸ் அப்படியே இருக்கிறது, புரதம் கெட்டுவிட்டது. இதையே எடை இல்லாமல், உயிருள்ள துண்டை வேகவைத்துச் செய்து 'புரதம்தான் காரணம்' என்று எழுதுவது தவறு. வேகும்போது விறைப்பழுத்தமும் போய்விடுகிறது, எது காரணம் என்று பிரிக்க முடியாது.

ஒரு முனையில் மட்டும் வளரும் செல்

மகரந்தக் குழாய்க்கு நித்தியகல்யாணி வசதியானது. காலையில் புதிதாக மலர்ந்த பூவின் குழல் பகுதியை ஊசியால் கிழித்தால், மேல்முனைக்குச் சற்றுக் கீழே மகரந்தப் பைகள் இருக்கும்.

வளர்ப்புக் கரைசல் 1963இல் புரூபேக்கரும் குவாக்கும் வகுத்தது. 100 மில்லிக்குச் சர்க்கரை 10 கிராம், போரிக் அமிலம் 10 மில்லிகிராம், கால்சியம் நைட்ரேட் 30, மெக்னீசியம் சல்பேட் 20, பொட்டாசியம் நைட்ரேட் 10 மில்லிகிராம். பள்ளித் தராசில் 10 மில்லிகிராம் நிற்காது. அதனால் 100 மடங்கு செறிவில் இரண்டு பாட்டில்கள் செய்யுங்கள்: ஒன்றில் 100 மில்லிக்குக் கால்சியம் நைட்ரேட் 3 கிராம், மற்றதில் போரிக் அமிலம் 1, மெக்னீசியம் சல்பேட் 2, பொட்டாசியம் நைட்ரேட் 1 கிராம். ஒவ்வொன்றிலும் 1 மில்லி எடுத்தால் 100 மில்லி வளர்ப்புக் கரைசலுக்குச் சரி. எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் செறிவாகக் கலந்தால் கால்சியம் சல்பேட் வெள்ளையாகப் படிந்துவிடும்.

குழிவுள்ள ஸ்லைடில் ஒரு துளி விட்டு மகரந்தத்தைத் தூவி, ஈரத்தாள் விரித்த பெட்ரித் தட்டில் மூடி வையுங்கள். துளி காய்ந்தால் சர்க்கரை ஏறி வளர்ச்சி நிற்கும். தூள் மிகக் குறைவாக விழுந்தாலும் முளைப்பு குறையும். கால்சியம் பற்றாதபோது இது கூடுதலாகத் தெரியும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் குழாய்கள் ஓடத் தொடங்கும்.

இப்போதுதான் முதல் சோதனையின் எண்ணுக்கு வேலை. 10 சதவீதச் சர்க்கரை சுமார் 0.29 மோலார், 30 டிகிரியில் 0.74 மெகாபாஸ்கல். வடிதாளால் ஒரு பக்கம் உறிஞ்சிக்கொண்டே மறுபக்கம் 2 சதவீதச் சர்க்கரை உள்ள, உப்புகள் மாறாத கரைசலை விடுங்கள். வெளி அழுத்தம் 0.15க்கு இறங்கும், சுமார் 0.6 மெகாபாஸ்கல் வித்தியாசத்துக்கு நீர் உள்ளே பாயும். பல குழாய்கள் வெடிக்கும். நீரோட்டத்தின் இழுப்பாலும் சில உடையலாம் என்பதால், அதே 10 சதவீதக் கரைசலை மாற்றி ஊற்றிய ஸ்லைடு ஒன்றும் வேண்டும்.

வெடித்த எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். எங்கே வெடித்தது என்பதை எழுதுங்கள்: முனை, நடுக்குழல், மகரந்தத் தூளின் வாய். 50 வெடிப்புகளாவது வேண்டும். முனை அரைக்கோளம்; அங்கே தகைவு அழுத்தம் × ஆரம் ÷ (2 × தடிமன்). பின்னால் உள்ள உருளையில் குறுக்குத் தகைவு அதைப்போல இரு மடங்கு. சுவர் எங்கும் ஒன்றுபோல இருந்தால் குழல்தான் கிழிய வேண்டும். ஆனால் உங்கள் பட்டியலில் முனைதான் முந்தும். பாதிச் சுமையிலேயே அது விட்டுக்கொடுக்கிறது, ஏனென்றால் அங்கே வந்து சேர்வது பெக்டின் என்னும் கூழ்போன்ற சுவர்ப்பொருள், இன்னும் இறுகாத புதியது. குழலின் பக்கம் தள்ளிப்போகப் போக மெத்தில் குழுக்கள் நீங்கி, கால்சியம் பெக்டின் சங்கிலிகளைப் பிணைக்கிறது. போரான் இன்னொரு வகைப் பிணைப்பைத் தருகிறது. பின்னால் காலோஸ் என்னும் இன்னொரு சுவர்ப்பொருள் படிந்து குழலைக் கெட்டியாக்குகிறது.

அடுத்த ஸ்லைடில் போரிக் அமிலம் மட்டும் இல்லாத கரைசல், அதற்கடுத்ததில் கால்சியம் இல்லாதது. இரண்டிலும் சர்க்கரையை 10 சதவீதமாகவே வைத்து, முளைத்தவை எத்தனை, தானாக வெடித்தவை எத்தனை, எங்கே வெடித்தன என்று அதே மூன்று கட்டங்களில் குறித்துக்கொண்டு, முழுக் கரைசலின் பட்டியலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.